என் பெயரில் போன பதில்கள்

பள்ளி நூலகர்களான உங்களுக்கு இணையத்தில் பயன்படக்கூடியவற்றைப் பட்டியல் போட்டுத் தரும்படி கேட்டிருந்தீர்கள். பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பின்னும் குறித்துவைத்த முகவரிகள் நாலைந்து பக்கங்களுக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவை திறக்கவில்லை. திறந்த ஒன்றில் இப்போது செருப்பு விற்கிறார்கள். ஆகவே பட்டியல் இல்லை. தேடுவதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அந்த முகவரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு அதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரி எழுதும்போது தொழில் கற்றுக்கொடுத்தவரைப் பெயர் சொல்லாமல் ‘ஒரு சக ஊழியர்’ என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அந்த உரிமை இல்லை. அவர் பெயர் ஷெஃபாலி. என்னைவிட ஆறு வயது இளையவர். தெற்குக் கொல்கத்தாவில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் நான் நூலகர், அவர் உதவி நூலகர். நான் நிரந்தரம். அவருக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நான் நூலக அறிவியலில் முதுகலை படித்தவன். அவர் சான்றிதழ்ப் படிப்பு மட்டும் முடித்தவர். என் அப்பா கும்பகோணத்திலிருந்து இங்கே ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஷெஃபாலியும் நானும் வங்காளத்தில்தான் பேசிக்கொள்வோம். நான் அவருக்கு ‘மணி-தா’; அங்கே பெயரோடு ‘தா’ சேர்த்தால் அண்ணன், ‘தி’ சேர்த்தால் அக்கா. கீழே வருகிற பேச்சையெல்லாம் தமிழில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் முதல் இணைய இணைப்பு நூலகத்துக்குத்தான் வந்தது. அங்கேதான் ஒரு தொலைபேசி லைன் சும்மா கிடந்தது. கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தவர், என் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு திறந்துகொடுத்தார். நான் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் என் பெயர், பட்டம், பதவி, பள்ளி என்று நான்கு வரிகள் தானாகப் போய் விழும்படியும் செய்துவைத்தார். ‘உங்களுக்கு டைப் அடிக்கிற வேலை மிச்சம்’ என்றார்.

அப்போது பள்ளி நூலகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. மேலே சொன்ன முகவரி அதனுடையதுதான். யாராவது ஒரு கேள்வி எழுதினால் பல நாடுகளில் இருக்கும் எல்லா உறுப்பினர்களுக்கும் அது போகும். தெரிந்தவர் பதில் எழுதினால் அதுவும் எல்லோருக்கும் போகும். இன்றைக்கு இது உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஆறு பேர் இருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார்கள். நூலகருக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. அந்தக் குழுவில் சேர்ந்த முதல் வாரம் நான் பள்ளி விட்ட பிறகும் அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி இருந்தது, அதில் ஷெஃபாலி இருந்தார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு செப்டம்பரில் இரண்டு நாள் விடாத மழை. தெருத் தண்ணீர் தரைத்தளத்தில் இருந்த நூலகத்துக்குள் வந்துவிட்டது. கீழ் இரண்டு தட்டுப் புத்தகங்கள் முழுக்க நனைந்தன. நான் குழுவுக்கு எழுதினேன். மறுநாள் காலையில் ஏழெட்டுப் பதில்கள் வந்திருந்தன. எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை: பூஞ்சை பிடிக்காமல் இருக்க நனைந்த புத்தகங்களை உடனே ஃப்ரீசரில் வையுங்கள். அதை ஷெஃபாலிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

“ஃப்ரீசரா? லேக் மார்க்கெட்ல மீன்காரங்ககிட்ட ஐஸ் பெட்டி இருக்கு, மணி-தா. போய்க் கேட்டுட்டு வரட்டுமா? நம்ம அட்லஸை இலிஷ் மீனுக்குப் பக்கத்துல படுக்க வச்சிரலாம்.”

“கிண்டல் அப்புறம். என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க.”

“வரிசை நம்பர் பார்த்து எடுக்காதீங்க. முதல்ல வழவழன்னு தாள் இருக்கிறதை எடுங்க. அட்லஸ், என்சைக்ளோபீடியா, படப் புத்தகம். அது அப்படியே காய்ஞ்சா எல்லாப் பக்கமும் ஒட்டிக்கும், அப்புறம் செங்கல்தான். ஈரத்தோட இருக்கும்போதே பக்கம் பக்கமா பிரிச்சு நடுவுல பேப்பர் வைக்கணும். கதைப் புத்தகம் சாணித் தாள்தானே, அது காத்திருக்கும்.”

அவருடைய அப்பா புத்தகம் பைண்டு செய்கிறவர். நான் அதுவரை பதிவேட்டின் வரிசைப்படி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே போயிருந்தால் அட்லஸ்கள் மறுநாள்தான் கைக்கு வந்திருக்கும். மூன்று நாள் தேர்வுக் கூடத்தின் மின்விசிறிகளுக்கு அடியில் வேலை செய்தோம். பழைய செய்தித்தாள் கேட்டு வீடு வீடாக ஆள் அனுப்பினோம். ஏறக்குறைய எல்லாம் பிழைத்தன.

‘ஃப்ரீசர் இல்லாத ஊரில் என்ன செய்வது’ என்று குழுவுக்கு எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே அந்த நான்கு வரிகளைப் பார்த்தேன். ‘இதைச் சொன்னவர் என் சக ஊழியர் ஷெஃபாலி’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. இணைப்பு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு மலைப்பள்ளியிலிருந்து நன்றி வந்தது. வளைகுடாவில் ஓர் இந்தியப் பள்ளியிலிருந்து வந்தது. குழுவை நடத்திவந்தவர் வெளிநாட்டில் ஓய்வுபெற்ற ஒரு நூலகர் அம்மையார். ‘கல்கத்தாவிலிருந்து இன்னும் சொல்லுங்கள்’ என்று எழுதினார். சொன்னோம். புத்தகப்பூச்சிக்கு அலமாரியில் கருஞ்சீரகப் பொட்டலம் வைப்பது. வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே தட்டில் எப்படி அடுக்கினால் குழந்தை குழம்பாது என்பது. புத்தகத்தைத் தொலைத்த பிள்ளை பயந்துகொண்டு நூலகத்துக்கே வராமல் நின்றுவிடுகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஷெஃபாலி முத்திரை குத்திக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்: “புத்தகம் எங்கேன்னு கேக்காதீங்க. எதுவரைக்கும் படிச்சேன்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்ல வந்துரும்.” நான் அதை நல்ல ஆங்கிலமாக்கினேன். என் பங்கு அவ்வளவுதான்.

அந்த அம்மையார் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தொகுத்து இணையத்தில் போட்டார். தலைப்புக்குக் கீழே என் பெயர் இருந்தது. அச்செடுத்து லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஷெஃபாலி-தி பேரு எங்கே?”

“கணக்கு என் பேர்ல இருக்கு. அது தானா வந்து விழுது.”

“தானா விழுந்தா என்ன, நீங்க கையால ஒரு வரி எழுதக் கூடாதா?”

“அடுத்த தடவை எழுதறேன்.”

“போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நனைஞ்ச புத்தகத்தப்போ.”

ஷெஃபாலியும் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார். “என் பேரு அதுல எங்கேயாவது வருதா, மணி-தா?”

“லைப்ரரி பேர்ல வருது” என்றேன்.

“அதுவும் நல்லதுதான். நம்ம லைப்ரரிக்குப் பேரு.”

‘நம்ம’ என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகளில் பள்ளி நூலகத்தின் பட்டியலைக் கணினியில் ஏற்றினார்கள். இனி ஒருவர் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டபோது அவர் மேசையில் அந்தப் பக்கத்தின் அச்சுப்படி இருந்தது. “உலகமே உங்களைக் கேட்டு எழுதுகிறது. உங்களுக்கு இன்னொருவர் எதற்கு?” என்றார். “ஷெஃபாலி இருந்தால் உதவியாக இருக்கும்” என்றேன். ஒரு தடவை சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

ஷெஃபாலியின் கணவர் நோயாளி. மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். இரண்டு மாதம் கழித்து பாலிகஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் நூலகர் பதவிக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து என்னிடம் வந்தார்.

“நிரந்தர வேலை, மணி-தா. இன்டர்நெட்ல என்ன செஞ்சிருக்கீங்கன்னு கேப்பாங்களாம். நம்ம பதில்களைச் சொல்லலாமா? நான் சொன்னதுன்னு?”

“தாராளமா சொல்லுங்க.”

“நம்பலைன்னா உங்க நம்பரைக் கொடுக்கறேன்.”

“கொடுங்க. நான் பேசறேன்.”

அந்தப் பள்ளியிலிருந்து நூலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அதன் தலைமை ஆசிரியை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. ஷெஃபாலி உங்களிடம் வேலை பார்த்தவரா என்று கேட்டார். ஆமாம், நல்ல உழைப்பாளி என்றேன்.

“இந்தப் பதில்களையெல்லாம் தானே சொன்னதாகச் சொல்கிறார். பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.”

“என் கணக்கிலிருந்து போனவை.”

“அது தெரிகிறது. பதில்கள் யாருடையவை என்று கேட்கிறேன்.”

பல வருடங்களாக எனக்கு நானே இதைச் சொல்லிக்கொள்ளும்போது, அந்த நேரத்தில் பிரின்சிபால் எதிரே உட்கார்ந்திருந்தார் என்று சேர்த்துக்கொள்வேன். அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தவித்ததாகவும் சேர்த்துக்கொள்வேன். உண்மை அப்படி இல்லை. அன்றைக்குத் தேர்வு. நூலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, என் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு புவனேஸ்வரத்தில் ஒரு பயிலரங்குக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் வருவதாக எழுதிவிட்டேன். அவ்வளவுதான் என் பக்கத்துக் காரணம்.

“ஷெஃபாலி எனக்கு உதவியாக இருந்தார்” என்றேன்.

“உதவியாக. சரி, புரிகிறது. நன்றி.”

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அந்தத் தொலைபேசியில் நான் புதிதாக எதையும் முடிவு செய்யவில்லை. ‘அடுத்த முறை’ என்று அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முடிவு செய்து முடித்திருந்தேன். கேள்வி வந்தபோது வாய் பழகிய பக்கம் போயிற்று.

அடுத்த வாரம் ஷெஃபாலி போன் செய்தார். “அங்கே கிடைக்கலை, மணி-தா. நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க போல. உங்களுக்கு போன் வந்துச்சா?”

“வரலையே” என்றேன்.

நான் சொன்ன முழுப் பொய் இது ஒன்றுதான். அதற்கு முன் சொன்னவையெல்லாம் பாதி. பாதியாகச் சொன்னவைதான் அவருடைய வேலையைக் கொண்டுபோயின.

புவனேஸ்வரத்தில் பேசினேன். தொலைந்த புத்தகத்தைப் பற்றி எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்க வேண்டும் என்றபோது கைதட்டினார்கள். ஊர் திரும்பிய பிறகு குழுவுக்கு எழுதுவது குறைந்துபோயிற்று. கேள்விகள் வந்தன. எனக்குப் பதில் தெரியவில்லை.

சில வருடங்களில் ஓய்வுபெற்றேன். வீட்டில் இணைய இணைப்பு வைத்தபோது முதலில் தேடியது அந்தப் பக்கத்தைத்தான். இருந்தது. வேறு இரண்டு மூன்று இடங்களிலும் அதை நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் என் பெயர். நான் அந்த அம்மையாருக்கு நடந்தது எல்லாவற்றையும் எழுதி, பெயரை மாற்றச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. திட்டவில்லை. எந்தெந்தப் பதில்கள் ஷெஃபாலியுடையவை என்று மட்டும் கேட்டிருந்தார். எல்லாமே என்று எழுதினேன். தன்னிடம் இருக்கும் பக்கத்தைத் திருத்தி, ஒவ்வொரு பதிலுக்கும் நேராக ஷெஃபாலியின் பெயரைப் போட்டார். மற்ற நகல்கள் தன் கையில் இல்லை என்றார்.

திருத்திய பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பவானிபூருக்குப் போனேன். ஷெஃபாலி அங்கே ஒரு நர்சிங் ஹோமில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“ஆரே, மணி-தா! உடம்புக்கு என்ன? எந்த டாக்டர்? பேர் பதிஞ்சாச்சா?”

“டாக்டரைப் பார்க்க வரலை. உங்களைத்தான்.”

“அப்ப வரிசையில நிக்க வேண்டாம். உட்காருங்க.”

தாளை நீட்டினேன். மேலாகப் பார்த்தார்.

“என் பேரு.”

“ஆமா.”

“இப்ப எதுக்கு?”

நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு போன் வந்தது, வரவில்லை என்று சொன்னது பொய்.

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“நீங்க எனக்கு உதவியா இருந்தீங்கன்னு.”

அந்த நேரம் ஒருவர் வந்து எக்ஸ்ரே எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டார். ஷெஃபாலி வலது பக்கம் கையைக் காட்டி, சீட்டை வாங்கிப் பார்த்து, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று விசாரித்து அனுப்பிவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“போனே பண்ணாம என்னை ஒதுக்கிட்டாங்கன்னு இத்தனை வருஷமா அந்த ஸ்கூலைத் திட்டிக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் பஸ்ல போறப்பல்லாம் திட்டுவேன். பாவம், அவங்க பண்ணியிருக்காங்க.”

“என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு…”

“அதை விடுங்க, மணி-தா. இந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போனா இப்ப எங்கேயாவது லைப்ரரியில எடுத்துக்குவாங்களா? சொல்லுங்க, உங்களுக்குத் தெரியுமே.”

எனக்குத் தெரியும். பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும் வயதை அவர் தாண்டிவிட்டார்.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பழைய பழக்கம், ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படிப்பார். மெதுவாகப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது.

“இது என்னோடது இல்லையே.”

எட்டிப் பார்த்தேன். கிழிந்த பக்கத்தை எப்படி ஒட்டுவது என்ற கேள்வி. பளபளப்பான செலோ டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டினால் போதும் என்று பதில்.

“நான் இதைச் சொல்வேனா? டேப்பா? நம்ம ஊர் புழுக்கத்துக்கு அந்தக் கோந்து பழுப்பாகி, பக்கத்துப் பக்கத்தையும் இழுத்துக்கிட்டு, கடைசியில தாளே உடைஞ்சு போகும். மைதாப் பசையில துளி மயில்துத்தம் போட்டு மெல்லிசுத் தாள் ஒட்டணும்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! நான் பூஜை லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப எழுதினீங்களா?”

“ஆமா.”

“ரொம்ப நல்லா இருக்கு. நல்லதெல்லாம் உங்க பேர்ல போச்சு. இப்ப டேப்பை என் பேர்ல ஒட்டிட்டீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் சிரிப்பு இல்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, அந்தப் பதிலுக்கு நேராக இருந்த தன் பெயரை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் என் பெயரை எழுதினார். முழுப் பெயரையும், பட்டத்தோடு.

“இன்னிக்கே மாத்தச் சொல்லுங்க” என்று தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

நீங்கள் இப்போது வேறு குழுக்களில் இருக்கிறீர்கள். கைபேசியிலேயே கேள்வி வருகிறது, கைபேசியிலேயே பதில் சொல்கிறீர்கள். யாரிடமாவது கேட்டுச் சொன்னால் அவர் பெயரை அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். மேலே இருப்பவர் தன் பெயரைத் தானே போட்டுக்கொள்வார். உங்கள் கணக்கில் தானாக விழும் கையொப்பம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே அந்த அம்மையாருக்கு எழுதினேன். டேப் பதிலை நீக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் பெயரைப் போட்டு, இது தவறு என்று அடியில் குறித்துவிடுங்கள் என்றேன். அப்படியே செய்தார். மற்ற நகல்களில் எல்லாம் இன்னும் பழையபடிதான் இருக்கிறது. எங்காவது தேடும்போது அது உங்கள் கண்ணில் படலாம். அதில் இருப்பவை ஷெஃபாலியின் பதில்கள், நம்பிப் பின்பற்றலாம். கிழிந்த பக்கத்துக்கு டேப் ஒட்டச் சொல்வது மட்டும் நான். ஒட்டாதீர்கள்.